பதக்கம் வாங்கிய பிறகு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் நடுகல்லைப் பற்றி அழகாகச் சொன்னார். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபட்ட மரபு நம்முடையது. அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் மனத்தில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. நடுகல் செத்தவனுக்கு நட்ட கல். அதே சண்டையில் அதே வீரத்தோடு போரிட்டு, உயிரோடு வீடு திரும்பியவன் என்ன ஆனான்? அவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன வேலை செய்தான்? யாரோடு பேசினான்? கடைசிக் காலத்தில் அவனுக்குக் கஞ்சி ஊற்றியது யார்?

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில், போரில் வீரப் பதக்கம் பெற்ற சிலருடைய வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். எங்கோ தொலைதூரத்தில் நடந்ததைத் தேடிப் போகவில்லை. பெரும்பாலும் நம் மலேசிய மண்ணிலும் சிங்கப்பூரிலும் கால் பதித்தவர்கள்தான் இவர்கள். நம்மில் பலருக்கு இவர்கள் பெயரே தெரியாது என்பதுதான் வருத்தம்.

முதலில் ஒரு கூர்க்கா வீரர். பெயர் ராம்பகதூர் லிம்பு. கிழக்கு நேப்பாளத்து மலைக்கிராமத்தில் 1939இல் பிறந்தவர். பிரிட்டிஷ் இராணுவத்தின் பத்தாவது கூர்க்கா ரைபிள்ஸ் படையில் சேர்ந்து நம் பக்கம் வந்தவர். 1963 முதல் 1966 வரை மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே நடந்த மோதலை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "கொன்ஃப்ரொன்தாசி" என்று வானொலியில் ஓயாமல் கேட்ட சொல். அந்த மோதலில் மிகக் கடுமையான சண்டைகள் நடந்தது சரவாக், சபா எல்லைக் காடுகளில். கோலாலம்பூரில் இருந்தவர்களுக்கு அது செய்தி. எல்லையில் இருந்தவர்களுக்கு அது அன்றாட வாழ்க்கை.

1965 நவம்பர் 21ஆம் தேதி. ராம்பகதூர் அப்போது லான்ஸ் கார்ப்பரல். இருபத்தாறு வயதுதான் இருக்கும். காட்டுக்குள் ஒரு குன்றின் உச்சியில் எதிர்ப்படை பதுங்குகுழி வெட்டி, இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக் காத்திருக்கிறது. சுமார் முப்பது பேர். மேலே ஏறுவதற்குக் கத்தி முனை போல ஒரு வழி. கூர்க்கா கம்பெனி அந்த வழியாகப் போகிறது. ராம்பகதூர் தன் சிறு குழுவோடு முன்னால் ஊர்ந்து போகிறார். பத்து கஜ தூரம் நெருங்கியபோது காவலாளி பார்த்துவிட்டான். துப்பாக்கி வெடித்தது. பக்கத்தில் வந்தவர் விழுந்தார். ராம்பகதூர் அடுத்த நொடியே பாய்ந்து போய் அந்தக் குழியைப் பிடித்துக்கொண்டார்.

இதுவரை கேட்டால், சினிமாவில் பார்க்கிற சண்டை மாதிரிதான் இருக்கும். இனிமேல் நடந்ததுதான் அவருக்கு விக்டோரியா கிராஸ் வாங்கிக் கொடுத்தது. எதிரியைச் சுட்டது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அவருடைய குழுவைச் சேர்ந்த இருவர் குண்டு பட்டுத் திறந்த வெளியில் கிடந்தார்கள். அவர்களைத் தூக்கி வர வேண்டும். முதலில் ஊர்ந்து போய்ப் பார்த்தார். குண்டுமழையில் முடியவில்லை. திரும்பினார். மறுபடியும் போனார். கடைசியில் ஊர்ந்துகொண்டிருந்தால் காரியம் ஆகாது என்று தெரிந்து, எழுந்து ஓடியே போய் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைப் பாதுகாப்பான இடத்தில் கிடத்திவிட்டு, மறுபடியும் அதே வழியாக இன்னொருவருக்காகப் போனார். எதிர்ப்படைக்கு இப்போது அவர் எந்த வழியாக வருவார் என்பது நன்றாகத் தெரியும். போகப் போகிற இடமும் தெரியும். இரண்டாவது தடவை போவதற்குத்தான் தனியான நெஞ்சுரம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முதல் தடவை ஆவேசத்தில் யாரும் போய்விடலாம். அந்த இருபது நிமிடமும் அவர் மேல் ஒரு குண்டும் படவில்லை. பிறகு மூன்றாவது முறையாகவும் போய், அங்கே கிடந்த இயந்திரத் துப்பாக்கியை எடுத்து வந்து சண்டையில் சேர்ந்துகொண்டார். ஒரு மணி நேரச் சண்டை. எதிர்த்தரப்பில் இருபத்து நான்கு பேராவது மாண்டதாகவும், கூர்க்காக்கள் தரப்பில் மூவர் இறந்ததாகவும் அரசிதழ் சொல்கிறது.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். அரசிதழில் வெளியான பாராட்டுரை இந்தச் சண்டை சரவாக்கின் பாவ் மாவட்டத்தில் நடந்ததாகச் சொல்கிறது. உண்மையில் அது எல்லைக்கு அப்பால், இந்தோனேசியக் கலிமந்தானுக்குள் நடந்தது. எல்லை தாண்டிப் போய்த் தாக்குவது அன்றைக்கு மிக இரகசியமான நடவடிக்கை. வெளியே சொல்லக்கூடாது. அதனால் உலகத்திலேயே மிக உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றைக் கொடுக்கும்போது, அது எந்த மண்ணில் நடந்தது என்பதைக் கொடுத்தவர்களே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. உண்மை வெளியே வரப் பல ஆண்டுகள் ஆயின. வீரம் பொய் அல்ல. இடம்தான் பொய்.

சரி, பதக்கம் வந்த சமயத்தில் அவர் வீட்டு நிலைமை என்ன? சண்டை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1966 பிப்ரவரியில் அவருடைய மனைவி சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையில் காலமானார். ஏப்ரலில் விருது அறிவிக்கப்பட்டது. ஜூலை 12ஆம் தேதி பக்கிங்காம் அரண்மனையில் எலிசபெத் மகாராணியார் அவர் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். அந்த விழாவுக்கு அவர் யாரோடு போனார் தெரியுமா? தாயில்லாத தம் ஐந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

நான் இந்த ஒரு காட்சியைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அரண்மனை, சீருடை, வாத்தியம், நாட்டின் பெரிய மனிதர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கும்? அப்பாவுக்கு ஒரு வெண்கலத் துண்டு கொடுக்கிறார்கள் என்பது புரிந்திருக்கும். அம்மா ஏன் வரவில்லை என்பது புரிந்திருக்குமா?

அது நடந்து ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 11ஆம் தேதி, மலேசியாவும் இந்தோனேசியாவும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன. மறு ஆண்டு, 1967இல், இந்தியாவில் இரயிலில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ ஒரு திருடன் அவர் பையிலிருந்து அந்தப் பதக்கத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி முனையில் பறிபோகாதது, இரயில் பெட்டியில் பறிபோனது. வேறு ஒன்று செய்து கொடுத்தார்கள். அவர் தொடர்ந்து படையில் இருந்து 1985இல் கேப்டனாக ஓய்வு பெற்று, பிறகு புருணை சுல்தானின் கூர்க்கா படைப் பிரிவில் வேலை பார்த்தார். அதாவது, மனிதர் தம் வாழ்க்கையின் பெரும்பகுதியை நம் வட்டாரத்திலேயே கழித்தவர். 2023 ஏப்ரலில் காத்மண்டுவில் தமது எண்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். கூர்க்காக்களில் விக்டோரியா கிராஸ் பெற்று உயிரோடு இருந்த கடைசி மனிதர் அவர்தான்.

அந்தக் குன்றின் உச்சியில் மாண்ட இருபத்து நான்கு பேருக்கும் தாய் தகப்பன் இருந்திருப்பார்கள் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் பதக்கத்துக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு என்பதை இந்த வட்டாரத்தில் வாழும் நாம் மறக்க முடியாது. 1965 மார்ச் 10ஆம் தேதி சிங்கப்பூரில் மெக்டொனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்ற இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்கள், 1968 அக்டோபரில் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சிங்கப்பூருக்கு அவர்கள் குற்றவாளிகள். ஜகார்த்தாவில் அவர்களுக்குத் தேசிய வீரர்கள் என்ற பட்டம். 1973இல் பிரதமர் லீ குவான் இயூ இந்தோனேசியா சென்றபோது அவர்களுடைய சமாதியில் மலர் தூவினார். அத்தோடு கசப்பு தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். 2014இல் இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு அந்த இருவரின் பெயரை வைத்தபோது பழைய புண் மறுபடியும் கிளறப்பட்டது. ஐம்பது ஆண்டு போதவில்லை, பாருங்கள்.

அடுத்து, சரவாக்கின் மண்ணிலேயே பிறந்த ஒருவர். அவாங் அனாக் ராவெங். ஸ்கிராங் ஆற்றுப் பக்கத்து இபான் இனத்தவர். 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது அல்லவா? அது போர்தான். ஆனால் போர் என்று சொல்லவில்லை. போர் என்று அறிவித்துவிட்டால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தராது, அதனால்தான் அவசரகாலம் என்று பெயர் வைத்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் காட்டில் தடம் பார்த்துச் சொல்வதற்காகச் சரவாக்கிலிருந்து இபான் இளைஞர்களைக் கொண்டு வந்தார்கள். ஒடிந்த கிளையையும் திரும்பிக் கிடக்கும் இலையையும் பார்த்து, எத்தனை பேர், எப்போது போனார்கள் என்று சொல்லிவிடுவார்கள். பிரிட்டனிலிருந்து வந்த பத்தொன்பது, இருபது வயதுச் சிப்பாய்களுக்கு இவர்கள்தான் கண்.

1951 மே 27ஆம் தேதி, அவாங் வொர்செஸ்டர்ஷயர் படைப்பிரிவின் ஒரு குழுவோடு போய்க்கொண்டிருந்தபோது, சுமார் ஐம்பது பேர் கொண்ட கம்யூனிஸ்டுக் கூட்டம் மறைந்திருந்து தாக்கியது. முன்னால் போனவர் செத்தார். தலைமை தாங்கியவரும் சுடப்பட்டார். அவாங்குக்குத் தொடையில் குண்டு. பக்கத்தில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்க்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. அவாங் தம் துப்பாக்கியையும் அந்தச் சிப்பாயின் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு காட்டு மறைவுக்குள் போனார். தம் காயத்துக்குக் கட்டுப்போடவில்லை. நெருங்கி வந்தவர்களை எல்லாம் சுட்டு விரட்டினார். பிறகு வலது கையிலும் குண்டு பட்டு எலும்பு உடைந்தது. இனிமேல் துப்பாக்கி பிடிக்க முடியாது. அப்போது அவர் என்ன செய்தார்? ஊர்ந்து போய்ச் சிப்பாயின் பையிலிருந்து ஒரு கைக்குண்டை எடுத்தார். ஊசியைப் பல்லால் கடித்து இழுத்தார். கைக்குண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, வாருங்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடம் தாக்கிய கூட்டம், மற்றக் குழுக்களும் நெருங்கி வரவே, பின்வாங்கிப் போய்விட்டது.

அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். விக்டோரியா கிராஸுக்கு இணையான மதிப்புள்ளது. அவர் சீருடை அணிந்த சிப்பாய் அல்ல, தடம் பார்க்கும் ஆள்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விருதெல்லாம் வாங்கிய பிறகு அவர் சரவாக்குக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். அமைதியாக, நீண்ட காலம் வாழ்ந்து 2020 செப்டம்பரில் மறைந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இப்படி ஒரு காரியம் செய்தவர், அண்மைக்காலம் வரை நம்மோடு இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னோர் இபான் வீரர் கனாங் அனாக் லங்காவ் பெயராவது கொஞ்சம் பேருக்குத் தெரியும். மலேசியாவின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பாலாவான் ககா பெர்காசா, அதற்கு அடுத்த பங்லிமா ககா பெரானி இரண்டையும் பெற்றவர். பேராக் காடுகளில் 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் நடந்த சண்டைகளுக்காகக் கிடைத்தவை. குண்டடி பட்டுப் பிழைத்து 2013இல் மறைந்தார். பள்ளிப் பாடநூலில் இப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் நாலு வரி கூடுதலாக ஒதுக்கலாம்.

இப்போது ஜொகூருக்கு வருவோம். மூவாரிலிருந்து பாக்ரி, பாரிட் சூலோங் வழியாக யோங் பெங் போகிற பழைய சாலையில் நான் பல முறை போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் தோட்டம். ஓரத்தில் வாய்க்கால். பாரிட் சூலோங்கில் ஒரு பாலம். நிற்காமல் போனால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். 1942 ஜனவரியில் அந்தப் பாலத்தைக் கடக்க முடியாமல்தான் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

சார்ல்ஸ் ஆண்டர்சன் என்பவர் ஆஸ்திரேலியப் படையில் லெப்டினன்ட் கர்னல். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். முதலாம் உலகப் போரிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் சண்டையிட்டு விருது வாங்கியவர். பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார். கண்ணாடி போட்ட நடுத்தர வயது மனிதர். படத்தைப் பார்த்தால் பள்ளி ஆசிரியர் என்றுதான் சொல்லத் தோன்றும்.

மூவார் ஆற்றங்கரையைக் காக்கும் பொறுப்பை 45ஆவது இந்தியப் பிரிகேட்டிடம் கொடுத்திருந்தார்கள். கர்வாலிகள், ராஜபுத்திரர்கள், ஜாட்டுகள். பெரும்பாலானோர் மீசை அரும்பாத பையன்கள். மத்தியக் கிழக்குக்கு அனுப்புவதற்காகத் திரட்டிய படையை அரைகுறைப் பயிற்சியோடு இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். காட்டையே பார்த்திராதவர்கள். ஜப்பானியக் காவலர் படை வந்து மோதியபோது அவர்கள் சிதறியதில் ஆச்சரியம் இல்லை. அவர்களைக் குறை சொல்லி எழுதிய ஆங்கில நூல்கள் உண்டு. அந்தப் பையன்களை அங்கே நிறுத்தியவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

இந்தியப் பிரிகேட்டின் தலைவர் டங்கன் மாண்டார். எஞ்சியிருந்த இந்தியர், ஆஸ்திரேலியர் எல்லாரையும் திரட்டிப் பின்வாங்கும் பொறுப்பு ஆண்டர்சன் தலையில் விழுந்தது. காயம்பட்டவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, சாலையில் ஜப்பானியர் போட்டிருந்த தடைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தார்கள். ஓரிடத்தில் ஆண்டர்சனே கைக்குண்டோடு முன்னால் போய் இரண்டு இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அழித்தார். பாரிட் சூலோங் பாலத்துக்கு வந்து பார்த்தால், அதை ஜப்பானியர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்களை ஏற்றிய இரண்டு ஆம்புலன்சுகளையாவது போகவிடுங்கள் என்று கேட்டார்கள். சரணடைந்தால் விடுகிறோம் என்று பதில் வந்தது. ஆண்டர்சன் மறுத்துவிட்டார்.

ஜனவரி 22ஆம் தேதி காலை. சிங்கப்பூரிலிருந்து வந்த இரண்டு பழைய விமானங்கள் கொஞ்சம் உணவும் வலி போக்கும் மருந்தும் போட்டுவிட்டுப் போயின. அவ்வளவுதான் வந்த உதவி. நடக்க முடிந்தவர்கள் சதுப்பு நிலத்தில் இறங்கித் தப்பித்துப் போகட்டும் என்று ஆண்டர்சன் உத்தரவிட்டார். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 900 பேர். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியர்கள், 40 இந்தியர்கள். அவர்களை ஜப்பானியர் அடித்தும் சுட்டும் எரித்தும் கொன்றார்கள். செத்தவர் போலக் கிடந்து தப்பிய மிகச் சிலர் பிற்பாடு சொன்ன சாட்சியத்தால்தான் உலகத்துக்கு இது தெரியவந்தது. அதற்காக ஜப்பானியத் தளபதி நிஷிமுரா 1951இல் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது 1942 பிப்ரவரி 13ஆம் தேதி. இரண்டு நாள் கழித்து, 15ஆம் தேதி, சிங்கப்பூர் விழுந்தது. மிக உயர்ந்த பதக்கத்துக்கு உரியவர் போர்க்கைதியாக வரிசையில் நின்றார். பிறகு பர்மாவுக்குக் கொண்டு போகப்பட்டார். எதற்கு? நம் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சயாம் மரண இரயில் பாதைக்குத்தான். பர்மா பக்கத்தில் வேலை செய்த கைதிகளில் ஒரு பகுதிக்கு அவர் தலைவராக இருந்தார்.

அந்த இரயில் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது கணக்கு. அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் எத்தனை ஆயிரம்! என் பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். சம்பளம் தருகிறோம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றினார்களாம். பாட்டி கடைசிவரை அவருக்குத் திவசம் கொடுக்கவே விடவில்லை. செத்த தேதி தெரியாதே, எந்தத் திதியில் கொடுப்பது என்பாள். போர்க்கைதிகளுக்காவது பெயர்ப் பட்டியல் இருந்தது. மருத்துவம் தெரிந்த அதிகாரிகள் கூட இருந்தார்கள். ஒருவர் இறந்தால் குறித்து வைத்தார்கள். போருக்குப் பிறகு கல்லறை கட்டினார்கள். நம்மவர்களுக்குக் காலரா வந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? கூட இருந்த ஒரு தோட்டத்துக்காரன் தன் பங்குக் கஞ்சியை நோயாளிக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினியில் செத்திருந்தால், அதை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

நான் ஆண்டர்சனின் பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர் பிழைத்து ஊர் திரும்பினார். மறுபடியும் பண்ணையைப் பார்த்தார். ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்கு ஹ்யூம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு தடவை தோற்றார், மறுபடியும் வென்றார். 1988இல், தொண்ணூற்று ஒன்றாம் வயதில் இறந்தார். ஒரு மனிதன் இரண்டு உலகப் போரையும் மரண இரயிலையும் தேர்தல் தோல்வியையும் கடந்து தொண்ணூறு வயது தாண்டியது பெரிய காரியம்தான்.

விக்டோரியா கிராஸ் கொடுப்பதற்குச் சாட்சி வேண்டும் என்பது வழக்கம். பார்த்தவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் பிழைத்திருக்க வேண்டும், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வீரம் நடக்காதது போலத்தான். நம் கருத்தரங்கில் ஒருவர், தமிழர்களில் இந்த விருதுகளைப் பெற்றவர் உண்டா என்று கேட்டார். உண்டு. சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தவர். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படையைச் சேர்ந்தவர். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. மற்றப் படைக்காரர்கள் இவர்களைச் செல்லமாகத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் இந்திய இராணுவத்தில் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

1944 பிப்ரவரி 24ஆம் தேதி, இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்தில், கண்ணிவெடி அகற்றும் சிறு குழுவோடு சுப்பிரமணியன் போய்க்கொண்டிருந்தார். கூட வந்தவர் ஒருவர் தெரியாமல் ஒரு கண்ணிவெடியைக் கிளப்பிவிட்டார். வெடிப்பதற்குச் சில விநாடிதான் இருக்கிறது. வெடியைப் பற்றி மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். கீழே படுத்துத் தப்பிக்க முயலலாம் என்பதும் தெரியும். அவர் அதன் மேல் பாய்ந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள், சாட்சி சொன்னார்கள். அவர் மறைந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. சென்னையிலோ காஞ்சியிலோ தெருவில் போகிற நாலு பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சினிமாவில் அந்தப் பாத்திரத்தில் யார் நடித்தார் என்று திருப்பிக் கேட்பார்கள்.

அவைத் தலைவர் மணி அடிக்கிறார். இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பணத்தைப் பற்றி. வீரத்தைப் பேசும் மேடையில் பணத்தைப் பேசலாமா என்று கேட்காதீர்கள். பதக்கம் வாங்கியவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

உம்ராவ் சிங் என்று ஒருவர். இன்றைய ஹரியானா மாநிலத்துக் கிராமத்தவர். 1944 டிசம்பரில் பர்மாவின் கலாடான் பள்ளத்தாக்கில் பீரங்கிக் குழுவின் ஹவில்தார். குண்டு தீர்ந்து, துப்பாக்கியும் தீர்ந்து, பீரங்கிக்கு உரிய இரும்புத் தடியைக் கையில் எடுத்துக்கொண்டு அடித்துச் சண்டையிட்டவர். பல மணி நேரம் கழித்து அவருடைய ஆட்கள் வந்து பார்த்தபோது, அவர் ஏழு காயங்களோடு பீரங்கிக்குப் பக்கத்தில் நினைவிழந்து கிடந்தார். சுற்றிலும் பத்து எதிரிகளின் உடல். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. போர் முடிந்தது, ஊருக்குப் போனார். கொஞ்சம் நிலம், அதில் உழவு. விக்டோரியா கிராஸ் பெற்றவர்களுக்குப் பிரிட்டன் கொடுத்துவந்த ஆண்டுத்தொகை 1959இல் 100 பவுண்டு என்று வைத்ததுதான். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. விலைவாசி எங்கே போயிற்று, அது எங்கே நின்றது!

அந்தப் பதக்கத்துக்கு ஏலத்தில் பெரிய விலை உண்டு. வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. விற்க மாட்டேன், கூடச் செத்தவர்களுக்கு அவமானம் என்று சொல்லிவிட்டார். 1995இல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இலண்டன் போனார். முக்கியப் பிரமுகர்களுக்கான கூடாரத்தில் நுழையப் போனால், பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு மூத்த அதிகாரி அவர் நெஞ்சில் இருந்த பதக்கத்தைக் கண்டுகொண்டு உள்ளே அழைத்துப் போனார். அந்தப் பயணத்திலேயே பிரதமர் ஜான் மேஜரிடம் நேராகப் போய் ஆண்டுத்தொகை பற்றிக் கேட்டார் மனிதர். யாசகமாகக் கேட்கவில்லை. உரியதைக் கேட்டார். அந்த ஆண்டே அது 1,300 பவுண்டாக உயர்ந்தது. அவருக்கு மட்டும் அல்ல, உயிரோடு இருந்த எல்லாருக்கும்.

பர்மாவில் 1944இல் அதே விருதைப் பெற்ற துல்பகதூர் புன் என்ற கூர்க்காவின் கதை இன்னும் மோசம். வயதான காலத்தில் மருத்துவ வசதிக்காகப் பிரிட்டனில் குடியேற விண்ணப்பித்தார். பிரிட்டனோடு உங்களுக்கு வலுவான தொடர்பு இருப்பதை நீங்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். எண்பது வயதைத் தாண்டியவரிடம்! பத்திரிகைகள் கொதித்தெழுந்த பிறகு, 2007இல் அனுமதி கொடுத்தார்கள். 2009இல் நாடாளுமன்றத்தில் அரசாங்கமே வாக்கெடுப்பில் தோற்ற பிறகுதான் பழைய கூர்க்காக்கள் எல்லாருக்கும் குடியேறும் உரிமை வந்தது.

2015இல் அந்த ஆண்டுத்தொகையை 10,000 பவுண்டாக உயர்த்தினார்கள். ராம்பகதூர் லிம்பு அப்போது உயிரோடு இருந்தார். துல்பகதூர் புன் நான்கு ஆண்டுக்கு முன்பே இறந்திருந்தார். உம்ராவ் சிங் இறந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது.